காற்றும் கடமையும்

கொங்கு நாட்டில் நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த தொழில் நகரம் திருப்பூர். அங்குக் காலையில் தெருவில் நடந்து செல்வோர் காதில் விழுவது பின்னற் பொறிகளின் இடையறாத ஓசையே. நூல் துணியாகின்றது, துணி சாயம் ஏறுகின்றது, வெட்டுவோர் கையில் உருப்பெற்றுத் தைப்போர் கையில் ஆடையாகிக் கப்பலேறிக் கடல் கடந்து செல்கின்றது. இந்தியாவிலிருந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் பின்னலாடைகளில் பாதிக்கு மேற்பட்டவை இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உருவாகின்றவை.

இப்பகுதி மக்களுக்குக் காற்று நெருங்கிய நண்பன். ஆனி, ஆடித் திங்கள்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று விசையோடு புகுந்து வருகின்றது. உடுமலை, பல்லடம், தாராபுரம் ஆகிய பக்கங்களில் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகள் அக்காற்றை ஏற்றுச் சுழன்று மின்னாற்றலை ஆக்கித் தருகின்றன. மேற்கிலிருந்து வரும் காற்று இங்கே கூலி கேளாத உழைப்பாளி எனலாம்.

அக்காற்றே கீழைக் கடற்கரையில் வேறு உருக்கொண்டு வருவதும் உண்டு. 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், வங்கக் கடலில் தோன்றிய கடும்புயல் ஒன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை ஏறிற்று. அதற்குக் 'கஜா' என்று பெயர். இக்கடலைச் சூழ்ந்த நாடுகள் முறைவைத்துப் புயல்களுக்குப் பெயர் வழங்குவது வழக்கம். இப்பெயரை வழங்கியது இலங்கை நாடு. யானை என்பது அதன் பொருள். பெயருக்கேற்ப, மதங்கொண்ட யானை வாழைத் தோட்டத்துள் புகுந்தாற்போல, மணிக்கு 120 கிலோமீட்டர் அளவான வேகத்தோடு அது நாட்டினுள் புகுந்தது. பொழுது விடிந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டத்து மக்கள் கண்ட காட்சி சொல்லுந்தரமன்று. இலட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தும் நடுவே முறிந்தும் கிடந்தன. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்தன. கூரைகள் பறந்தன. வேதாரணியத்து உப்பளங்களில் கடற்சேறு படிந்தது. கோடியக்கரைக் காட்டில் துள்ளித் திரிந்த மான்கள் மடிந்து நீரில் மிதந்தன.

கடற்கரைக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் மேற்கே உள்ள திருப்பூருக்கும் கடற்புயலுக்கும் தொடர்பு யாது என்று வினவத் தோன்றலாம். தொடர்பு மிகுதியும் உண்டு. திருப்பூரில் தைப்போரும் வெட்டுவோரும் கைமடிப்போரும் அவ்வூரிலேயே பிறந்தவர்கள் மட்டும் அல்லர். தென்மாவட்டங்களிலிருந்தும் காவிரிப் படுகையிலிருந்தும் வந்தவர்கள் உளர்; ஒடிசா, பீகார் முதலிய தொலைநாடுகளிலிருந்து வந்தவர்களும் உளர். ஓவர்லாக் பொறியின்முன் குனிந்து அமர்ந்திருக்கும் ஓர் இளைஞனின் தாய் வேதாரணியத்துப் பக்கத்தில் ஓலைக் குடிசையில் இருக்கலாம். அவனுக்கு அடுத்த பொறியில் இருப்பவனுடைய வீடு பூரிக் கடற்கரையில் இருக்கலாம். வானொலியில் புயற்செய்தி ஒலிக்கும் இரவில் இவர்கள் கை தைத்துக்கொண்டிருக்கும். நெஞ்சோ ஊரில் இருக்கும். காற்று கடற்கரையைத் தாண்டிச் சிறிது தொலைவில் ஓய்ந்துவிடுகின்றது. அது விளைத்த துன்பமோ ஓய்வதில்லை. அது தொடர்வண்டி ஏறி, வேலை தேடித் திருப்பூர் வரையில் வருகின்றது.

உள்நாட்டில் இருப்போர் தமக்குப் புயலால் கேடு இல்லை என்று எண்ணியிருத்தலும் பிழை. 2011ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கொட்டிய பெருமழையால் திருப்பூரிலேயே நொய்யலில் சேரும் ஓடைகள் பெருக்கெடுத்துக் கரையோரத்துக் குடியிருப்புகளில் புகுந்தன. உறக்கத்தில் இருந்தோர் பலர் அடித்துச் செல்லப்பட்டனர். 2024ஆம் ஆண்டில் 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஆயினும் கடலைவிட்டு நெடுந்தொலைவில் உள்ள திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏற்பட்டு எழுவர் மண்ணுள் புதைந்து மாண்டனர். ஆகவே, புயல் என்பது கடற்கரையோர்க்கு மட்டும் உரிய கவலை அன்று. நாட்டு மக்கள் அனைவர்க்கும் பொதுவான கவலை என்க.

புயல் இயற்கையின் செயல். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வங்கக் கடலின் மேல்நீர் வெப்பமுற்றிருக்கும்போது, அங்குத் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வு வலுப்பெற்றுச் சுழன்று புயலாகின்றது. அதனை விலக்கும் ஆற்றல் எவருக்கும் இல்லை. ஆயினும், புயலால் நேரும் சாவு முழுவதும் இயற்கையின் செயல் ஆகாது. காற்று வருவது இயற்கை. வருவதை அறிந்தும் அறிவியாமை மனிதன் பிழை. வெள்ளம் எழுவது இயற்கை. வெள்ளம் எழும் இடத்தில் ஏழையைக் குடியிருக்க விட்டமை மனிதன் பிழை. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிதலே துயர்தீர்க்கும் வழியில் முதற்படியாகும்.

பண்டைக் காலத்தில் இவ்வேறுபாட்டை அறியும் வாயில் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகின்றது. இந்திரவிழாவை மறந்ததால் அக்கேடு விளைந்தது என்று அக்காலத்தவர் நம்பினர். கடலை முன்னறியும் கருவி இல்லாத நாளில் தெய்வத்தின் சினம் என்று எண்ணியதில் வியப்பில்லை. ஆனால், 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியில் நேர்ந்ததை அவ்வாறு கூறி அமைதல் இயலாது. அன்று புயல் வீசும் கடற்கரையை நோக்கி ஒரு தொடர்வண்டி நூற்றுக்கு மேற்பட்ட மாந்தரைச் சுமந்துகொண்டு சென்றது. ஊரை நெருங்கும் நிலையில் பேரலை எழுந்து வண்டியைக் கவிழ்த்தது. அதில் சென்றவர் ஒருவரும் உயிர் தப்பவில்லை. கோயிலும் கடைத்தெருவும் தொடர்வண்டி நிலையமும் விளங்கிய தனுஷ்கோடி அவ்விரவோடு பாழாயிற்று. செய்தி ஒன்று காலத்தில் வந்து வண்டியை நிறுத்தியிருப்பின், அத்தனை உயிர்களும் பிழைத்திருக்கும் அன்றோ?

முன்னறிவிப்பும் ஆயத்தமும் எத்துணை உயிர்களைக் காக்கவல்லன என்பதற்கு ஒடிசா மாநிலமே சிறந்த சான்று. 1999ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள் அம்மாநிலத்தின் கடற்கரையைப் பெரும்புயல் ஒன்று தாக்கியது. ஏறத்தாழ 10,000 பேர் உயிரிழந்தனர். அத்துயரத்தினின்றும் அம்மாநிலம் பாடம் கற்றது. பேரிடர்களை எதிர்கொள்வதற்கென்றே தனி அமைப்பு ஒன்றை நிறுவியது. கடற்கரை நெடுகிலும் உயர்ந்த தூண்கள்மேல் உறுதியான புயற்காப்பகங்களைக் கட்டியது. ஊர்தோறும் தொண்டர்களைத் தேர்ந்து பயிற்றியது. இருபது ஆண்டுகள் சென்றன. 2019ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் 'ஃபானி' என்னும் கடும்புயல் பூரி நகருக்கருகே கரை ஏறியது. அது வருவதற்கு முன்னரே ஏறத்தாழ 12 இலட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அப்புயலில் ஒடிசாவில் உயிரிழந்தோர் 64 பேர். பல்லாயிரமாக இருந்தது பத்துகளாகக் குறைந்தது. காற்றின் இயல்பு மாறவில்லை. அதனை எதிர்கொண்ட மக்களும் அரசும் மாறினர்.

இஃது ஒடிசாவில் மட்டும் நிகழ்ந்தது அன்று. 1970ஆம் ஆண்டில், அந்நாளில் கிழக்குப் பாகிஸ்தான் என்று வழங்கிய நிலப்பகுதியைத் தாக்கிய புயலில் மூன்று இலட்சத்துக்குக் குறையாத மக்கள் மாண்டனர். பின்னர் வங்கதேசமாக மலர்ந்த அந்நாடு செல்வம் மிக்கதன்று. ஆயினும், 1972ஆம் ஆண்டு முதல் தொண்டர் படை ஒன்றை வளர்த்தது. புயல் வரும்போது அத்தொண்டர்கள் கொடி ஏற்றியும் ஒலிபெருக்கியில் கூவியும் வீடு வீடாகச் சென்று மக்களை அழைத்தனர். அதன் பயனாக அந்நாட்டில் புயற்சாவு பன்மடங்கு குறைந்தது. இதற்கு மறுதலையாக, செல்வத்தில் சிறந்த அமெரிக்க நாட்டில் 2005ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் 'கத்ரீனா' என்னும் சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரைத் தாக்கியபோது நேர்ந்தது யாது? நகரைவிட்டு வெளியேறுமாறு ஆணை பிறந்தது. கார் உடையோர் வெளியேறினர். கார் இல்லாத ஏழைகளும் முதியோரும் நோயாளரும் உள்ளேயே தங்கினர். கரைகள் உடைந்து நகரம் நீரில் மூழ்கியது. அச்சூறாவளியால் மாண்டோர் ஆயிரத்துக்கு மேற்பட்டனர். 'வெளியேறு' என்று சொல்லுதல் எளிது. வெளியேற வண்டி கொடுத்தலே காவல் ஆகும். செல்வம் தானாக எவரையும் காப்பதில்லை, ஆயத்தமே காக்கின்றது.

தமிழகமும் துயரத்தின் வழியாகவே இப்பாடத்தைக் கற்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு அடுத்த ஆண்டில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நாடு முழுமைக்கும் இயற்றப்பட்டது. கற்ற பாடம் கஜாப் புயலின்போது பயன்பட்டது. புயல் கரை ஏறுமுன்னரே 80,000க்கு மேற்பட்ட மக்கள் குடிசைகளை விட்டு அகற்றப்பட்டு, நானூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். அவ்வளவு கடும்புயலிலும் மாண்டோர் தொகை நூற்றை எட்டவில்லை. அரசின் முன்னேற்பாட்டை எதிர்க்கட்சியினரும் பாராட்டினர். நற்செயலைப் பாராட்டத் தயங்குதல் நடுவுநிலைமை ஆகாது.

எனினும், மாண்ட ஒவ்வோர் உயிரும் ஒரு குடும்பத்தின் விளக்கு. பூப்பெய்திய காரணத்தால் வீட்டுக்குப் புறத்தே ஒரு குடிசையில் தனித்து உறங்கவைக்கப்பட்டிருந்த சிறுமி ஒருத்தி, அவ்விரவில் தென்னை சாய்ந்து விழுந்ததால் உயிரிழந்தாள். அவளைக் கொன்றது காற்று மட்டுமோ? பொருளற்ற பழைய வழக்கமும் அக்கொலையில் பங்கு கொண்டது. அரசு எத்துணை முகாம்களை அமைத்தாலும், வீட்டார் உள்ளத்தில் இருள் இருக்குமாயின் பயன் இல்லை. அவ்வாறே, 2017ஆம் ஆண்டின் நவம்பர் இறுதியில் குமரிமுனைக்கு அருகே விரைந்து உருவான 'ஒக்கி' புயலையும் மறத்தல் ஆகாது. எச்சரிக்கை வந்தபோது மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். கரையில் ஒலித்த சொல் அவர்கள் செவியை எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை. செவியை எட்டாத எச்சரிக்கை எச்சரிக்கை ஆகாது என்பதை அக்குமரிக் கடற்கரை இன்றும் நினைவூட்டி நிற்கின்றது.

இனி, மக்களின் துணிவைக் காண்போர் நெஞ்சம் நிமிரும். கஜாப் புயல் ஓய்ந்த காலையில் ஊர்களுக்கு வழி இல்லை. சாலை எங்கும் மரங்கள் குறுக்கே கிடந்தன. உதவி வரும் என்று இளைஞர்கள் கைகட்டிக் காத்திருக்கவில்லை. கோடரியும் வாளும் ஏந்தி, தம் வீட்டுக் கூரை போன கவலையை ஒருபுறம் வைத்து, முதலில் சாலையைத் திறந்தனர். பெண்கள் பலர் எஞ்சிய அரிசியையும் பருப்பையும் ஒன்றாகக் கூட்டி, ஊர்ப்பொது அடுப்பு மூட்டி, அனைவர்க்கும் ஒரே உலையில் உணவு சமைத்தனர். பல ஊர்களில் அடுத்த வேளை உணவு என்ன என்று அறியாத நிலையிலும் அயலூரார் வந்தால் அவர்க்கும் இலை போட்டனர். சோறுடைத்து என்று பேர்பெற்ற சோழநாடு, சோறிழந்த நாளிலும் தன் இயல்பை இழக்கவில்லை.

மின்வாரியத் தொழிலாளர் செய்த தொண்டு தனியே போற்றத்தக்கது. தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளம் முதலிய அண்டை மாநிலங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கில் அவர்கள் அங்குச் சென்றனர். வண்டி செல்ல வழி இல்லாத வயல்களில், இடுப்பளவு சேற்றில் இறங்கி, கனத்த கம்பங்களைத் தோளில் சுமந்து சென்று நட்டனர். பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்தனர், கிடைத்ததை உண்டனர். பணியின்போது உயிர்துறந்தவர்களும் உண்டு. போர்க்களத்தில் மாய்ந்த வீரர்க்கு நடுகல் நாட்டிய நாடு இது. இருண்ட ஊருக்கு விளக்கேற்றச் சென்று மாய்ந்த இவர்களும் வீரரே ஆவர். தனுஷ்கோடிப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தைச் செப்பனிட ஆறு திங்கள் ஆகும் என்று கருதப்பட்டபோது, பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் அப்பணி முடிந்ததை இங்கு நினைத்தல் தகும். அறிவும் உழைப்பும் ஒன்றுபட்டால் காலம் சுருங்கும்.

கேரளத்தோடு தமிழகம் கொண்ட உறவும் அவ்வாண்டில் விளங்கியது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியபோது, தமிழகத்து மக்கள் பொருள்களை வண்டி வண்டியாக அனுப்பினர். மூன்று திங்கள் கழிந்து தமிழகம் புயலால் வருந்தியபோது, தன் துயர் இன்னும் ஆறாத கேரளம் 10 கோடி ரூபாய் வழங்கித் தொழிலாளரையும் அனுப்பியது. பெற்ற உதவியைத் திருப்பித் தருவதற்குச் செல்வராகும் வரையில் காத்திருக்க வேண்டுவதில்லை.

இத்துணைத் துணிவும் ஈகையும் கண்டபின், ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. மக்கள் இவ்வளவு துணிவுடையவர்களாயின் அரசுக்கு என்ன வேலை என்று சிலர் கருதுவர். 'எம் மக்கள் எதையும் தாங்குவர்' என்று மேடையில் புகழ்ந்துவிட்டு அமைவாரும் உளர். இக்கருத்துப் பிழையானது. மக்களின் துணிவு அரசின் சோர்வுக்குப் போர்வை ஆகாது. சுமப்பவன் தோள் வலியது என்பதற்காகச் சுமையை அவன்மேலேயே விட்டுவிடுதல் அறமன்று.

புயற்காலத்தில் அரசின் கடமை மூவகைப்படும். வருவதை அறிவித்தல் ஒன்று. வந்தபோது உயிரைக் காத்தல் மற்றொன்று. காத்த உயிரை மீண்டும் வாழ்வில் நிலைநிறுத்துதல் மூன்றாவது. முதல் இரண்டையும் இந்நாட்டு அரசுகள் ஓரளவு நன்கு கற்றுள்ளன. மூன்றாவது இன்னும் அரைகுறையாகவே நிற்கின்றது. முகாமில் உயிரோடு காக்கப்பட்டவன் வீடு திரும்பியபோது வீடு இல்லை, தோப்பு இல்லை, படகு இல்லை. உயிர் மட்டும் உண்டு. அவ்வுயிர் எதைப் பற்றி நிற்கும்?

தென்னையை எடுத்துக்கொள்வோமாயின் உண்மை விளங்கும். தமிழர் தென்னங்கன்றைத் 'தென்னம்பிள்ளை' என்று வழங்குவர். பெற்ற பிள்ளையைப் போல நீரூற்றி வளர்ப்பதால் அப்பெயர் பொருந்துகின்றது. நெட்டைத் தென்னை காய்த்துப் பயன்தர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். பின்னர் அறுபது ஆண்டுகள் குடும்பத்தைத் தாங்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தென்னை விற்றுப் பெண்ணை மணமுடித்தவரும் மகனைப் படிக்கவைத்தவரும் பலர். அத்தகைய மரம் ஒன்று சாய்ந்தமைக்கு அரசு வழங்கிய ஈடு, மரத்துக்கு 600 ரூபாயும் அதனை வெட்டி அகற்ற 500 ரூபாயும் ஆக 1,100 ரூபாய். நன்கு காய்க்கும் மரத்தின் ஓராண்டு விளைவுக்கு அது ஈடாகலாம். எஞ்சிய ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? புதிய கன்று காய்க்கும் வரையில் அடுப்பு எரிவது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு விடை அத்தொகையில் இல்லை.

மாநில அரசின் பக்கத்திலும் இடர்ப்பாடு இல்லாமல் இல்லை. உடனடியாக 1,000 கோடி ரூபாயை அது ஒதுக்கியது. மத்திய அரசிடம் ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் கேட்டது. அவ்வாண்டு இறுதியில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த தொகையோ 1,146 கோடி ரூபாய் அளவினது. கேட்டதில் மிகை இருந்திருக்கலாம். கொடுத்ததில் குறை இருந்திருக்கலாம். ஆயினும், இரு அரசுகளும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நாள்களில் மழையில் நனைந்தவர் மக்களே. உதவி வரக் காலந்தாழ்ந்த ஊர்களில் மக்கள் சாலையில் அமர்ந்து முறையிட்டனர். அவர்களை இரவலர் என்று எண்ணுதல் பெரும்பிழை. நாட்டுக்குச் சோறிட்டவர்கள் அவர்கள். வாங்கும் பொருளுக்கெல்லாம் வரி செலுத்தியவர்கள் அவர்கள். துயர்தீர்ப்பு நிதி என்பது அரசன் இரங்கி இடும் பிச்சை அன்று. குடிகள் ஒப்படைத்து வைத்த பொருளில் ஒரு பகுதி, வேண்டும் காலத்தில் அவர்களிடமே திரும்புவது ஆகும்.

நிலைநிறுத்துதல் நிறைவேறாவிடின் விளைவது யாது? ஊரில் பிழைக்க வழியற்றவர்கள் திருப்பூர், கோவை, சென்னை முதலிய நகரங்களை நாடி வருகின்றனர். வேலை தேடி வருதல் இழிவன்று. திருப்பூர் வந்தாரை வாழவைக்கும் ஊர். ஆனால், பெரியவர் வருவது வேறு; பத்தாம் வகுப்பில் படித்திருக்க வேண்டிய சிறுவன், வீழ்ந்த மரங்களின் கடனை அடைக்கப் புத்தகத்தை மூடிவிட்டு வருவது வேறு. அவன் பள்ளியை விட்டது அவன் மடமையால் அன்று. நாட்டின் மூன்றாவது கடமை நிறைவேறாமையால். புயலின் இழப்பைக் கணக்கிடுவோர் வீழ்ந்த கம்பங்களை எண்ணுகின்றனர். சாய்ந்த மரங்களை எண்ணுகின்றனர். மூடிய புத்தகங்களையும் எண்ணுதல் வேண்டும்.

ஆகவே, செய்யத்தக்கவை சில உள. கடற்கரை மாவட்டங்களில் ஓலைக் குடிசைகளுக்கு மாறாகக் காற்றைத் தாங்கும் உறுதியான வீடுகளை அரசு முறையாகக் கட்டித்தருதல் வேண்டும். குடிசை உள்ளவரையில் முகாமும் வேண்டியிருக்கும். மரத்தை இழந்தவனுக்கு ஒருமுறை பணம் கொடுத்து அனுப்பாமல், புதிய மரம் பயன்தரும் வரையில் ஆண்டுதோறும் துணைசெய்தல் வேண்டும். தென்னை வீழ்ந்த இடங்களில் பனை அசையாது நின்றதைக் கண்டவர் பலர். வரப்புகளிலும் கடற்கரைகளிலும் பனையைப் பெருக்குதல் நன்று. புயலால் நலிந்த குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நீங்காதவாறு உதவித்தொகை வழங்குதல் வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு வழங்கப்பட்டது என்பதை ஊர்ப்பொது இடத்தில் எழுதிவைத்தல் வேண்டும்; ஒளிவுமறைவற்ற கணக்கே சினத்தையும் ஐயத்தையும் தணிக்கும். திருப்பூர் போன்ற நகரங்களில் ஓடைக்கரைகளில் வாழும் ஏழைகளுக்கு, அடுத்த வெள்ளம் வருமுன் மேட்டுநிலத்தில் மாற்றிடம் தருதல் வேண்டும்.

அரசின் கடமையைக் கூறுவோர் தம் கடமையை மறத்தல் ஆகாது. துன்பத்தில் உதவுவோர் சிலர், தமக்குப் பயன்படாத கந்தல்களை மூட்டையாகக் கட்டி அனுப்புகின்றனர். அவை வாங்குவோர் இன்றிச் சாலையோரத்தில் குவிந்து கிடக்கும். தைத்த ஆடையில் ஒரு நூல் பிரிந்திருந்தாலும் ஒதுக்கிவைக்கும் திருப்பூர்த் தொழிலாளி இவ்வுண்மையை எளிதில் உணர்வான். அயல்நாட்டான் உடுப்பதற்குக் குறையற்ற ஆடை வேண்டுமெனின், அனைத்தையும் இழந்து நிற்கும் உடன்பிறந்தானுக்குக் கிழிசல் தகுமோ? தான் உடுக்க நாணுவதைப் பிறர்க்கு அளித்தல் கொடை ஆகாது.

விடுதலைப் போர்க்காலத்தில் வேதாரணியமும் திருப்பூரும் ஒரே வழியில் நின்றன. 1930ஆம் ஆண்டில் இராசாசி தலைமையில் தொண்டர்கள் வேதாரணியத்தில் உப்பெடுத்தனர். 1932ஆம் ஆண்டில் திருப்பூரில் குமரன் கொடியைக் கைவிடாமல் உயிர் விட்டான். கடற்கரை ஊருக்கும் கொங்கு நாட்டு ஊருக்கும் அன்று இருந்த உறவு, ஒருவர் துயரை மற்றவர் தம் துயராகக் கொண்ட உறவே. அவ்வுறவு இன்றும் வேண்டும்.

திருவள்ளுவர் 'இடுக்கணழியாமை' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். துன்பம் வந்தபோது உள்ளம் கலங்காமையை அது கூறுகின்றது. அதனை அவர் துறவறத்தில் வைக்கவில்லை, இல்லறத்திலும் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசியல் என்னும் இயலில், அதன் இறுதி அதிகாரமாக வைத்தார். இடுக்கணில் கலங்காதிருக்கும் கடமை குடிகளுக்கு மட்டும் உரியதன்று, ஆள்வோர்க்கும் உரியது என்பது இவ்வைப்பு முறையால் விளங்கும். கலங்காமை என்பது கண்ணீர் விடாதிருத்தல் மட்டும் அன்று. கண்ணீர் துடைக்கும் பணியில் தளராதிருத்தலும் ஆகும்.

வங்கக் கடலில் இனியும் புயல்கள் தோன்றும். அவற்றின் பெயர்கள் மாறும், விசை மாறும். மக்கள் துணிவோடு நிற்பர் என்பதில் ஐயமில்லை. பல முறை நின்று காட்டியுள்ளனர். அவர்கள் துணிவுக்குத் தக்க துணை நிற்றலே அரசின் பெருமை. புயல் வீசிய மறுநாள் தலைவர்கள் வந்து பார்ப்பது அப்பெருமைக்கு அளவுகோல் அன்று. ஏழாண்டு கழித்து அவ்வூருக்குச் செல்வோர், புதிய தென்னம்பிள்ளை காய்த்து நிற்பதையும், அதன் நிழலில் ஒரு சிறுவன் புத்தகம் விரித்துப் படிப்பதையும் காண்பராயின், அதுவே அளவுகோல் ஆகும்.